யுத்தத்தில் மரித்தோரின் நினைவு நாள்



மரித்தோர் திருநாளன்று கல்லறைத் தோட்டத்தில் வாசிப்பதற்காக நீங்கள் கொடுக்கும் பெயர்ச் சீட்டுகளை உபதேசியார் ஒரு தகர டப்பாவில் போட்டு என்னிடம் கொண்டுவருவது வழக்கம். இவ்வருஷம் அவற்றைப் பிரித்து அடுக்கும்போது, பெயரே இல்லாத ஒரு சீட்டு அகப்பட்டது. பள்ளிப் பிள்ளையின் கையெழுத்தில் "பட்டாளத்துத் தாத்தா" என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. யாரோ விளையாட்டுக்கு எழுதியது என்று எண்ணி விசாரித்தேன். மறுநாள் காலைப் பூசைக்குப் பின் ஒரு மூதாட்டி வந்து நின்றார்.

"நான்தான் பேத்தியை எழுதச் சொன்னேன், சாமி. எங்க அம்மைக்குச் சித்தப்பா. மொத சண்டையிலே பட்டாளத்துக்குப் போய்க் கப்பல் ஏறினவராம். திரும்பி வரலை. அவர் பேரு எங்க அம்மைக்கே தெரியாது. பேர் இல்லாட்டா வாசிக்கமாட்டியளா, சாமி?"

வாசித்தேன். எழுதியிருந்தபடியே வாசித்தேன். சிறுவர் இரண்டொருவர் சிரித்தார்கள். ஆனால் அன்று மாலைக்குள் மூன்று வீட்டார் வந்து, எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு என்று சொல்லிப் போனார்கள். அவர்களில் ஒருவர், "அப்படிச் செத்தவர்களுக்கென்று தனியாக ஒரு நாள் கிடையாதா?" என்று கேட்டார். உண்டு. மரித்தோர் திருநாளுக்கு ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 11-ந் தேதி அது வருகிறது. நம் நாட்டில் அது விடுமுறை நாளல்ல. ஆகவே நம்மில் அநேகருக்கு அது தெரியாது. பிரான்சு, பெல்ஜியம், கனடா முதலிய தேசங்களில் அது பொது விடுமுறை. அந்த நாள் எப்படி உண்டாயிற்று, அதன் பொருள் என்ன என்பதை இவ்வாரம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதல் உலக யுத்தம் 1914-ம் வருஷம் தொடங்கி நாலு வருஷத்துக்கு மேல் நடந்தது. 1918 நவம்பர் 11-ந் தேதி விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின், பிரான்சில் கொம்பியேன் என்னும் காட்டில், மார்ஷல் போஷ் என்பவருடைய ரயில் வண்டியில் போர் நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. காலை பதினொரு மணிக்குத் துப்பாக்கிகள் ஓய வேண்டும் என்பது நிபந்தனை.

கையெழுத்துக்கும் பதினொரு மணிக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தை யாரும் சும்மா விடவில்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் அன்று ஒரே நாளில் இரு தரப்பிலுமாக 2,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பிரெஞ்சுப் படையில் கடைசியாக விழுந்தவர் ஒகுஸ்தேன் திரெபுஷோன் என்னும் சாதாரணச் சிப்பாய். ஊரில் ஆடு மேய்த்தவர். யுத்தத்தின் ஆரம்பத்திலிருந்தே படையில் இருந்தவர். பதினொன்றரை மணிக்கு வீரர்களுக்குச் சூப்பு வழங்கப்படும் என்ற செய்தியை எடுத்துக்கொண்டு ஓடும்போது, பதினொரு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் குண்டடி பட்டு இறந்தார். சமாதானம் எழுதிக் கையெழுத்தான நாளில் ஒருவன் செத்தான் என்று எழுத அதிகாரிகளுக்கு வெட்கமாயிருந்தது போலும். அவருடைய கல்லறைச் சிலுவையில் அவர் இறந்த தேதி நவம்பர் 10 என்று பொறித்திருக்கிறது. மரித்தவனிடமிருந்து ஒரு நாளைக்கூடத் திருடிக்கொள்ளும் காரியம் யுத்தம்.

நவம்பர் 11 என்றதும் பூசைப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். அது தூர் நகரத்து மேற்றிராணியாரான அர்ச். மார்த்தீன் திருநாள். யாரும் நாள் பார்த்துச் செய்ததல்ல, அப்படி அமைந்தது. மார்த்தீன் உரோமை ராணுவத்தில் குதிரைவீரர். அமியேன் பட்டணத்து வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தம் மேலங்கியைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தவர். இது எல்லாரும் அறிந்த கதை. பலர் அறியாததையும் அவருடைய சரித்திரத்தை எழுதிய சுல்பீசியுஸ் செவேருஸ் சொல்லியிருக்கிறார். சண்டைக்கு முந்தின நாள் ஜூலியன் சக்கரவர்த்தி வீரர்களுக்குப் பரிசுப் பணம் கொடுத்தபோது மார்த்தீன் அதை வாங்க மறுத்து, தாம் கிறிஸ்துவின் போர்வீரர் என்றும், இனி ஆயுதம் எடுப்பது தமக்குத் தகாது என்றும் சொன்னார். கோழை என்று வைதார்கள். "அப்படியானால் நாளைக்கு ஆயுதமின்றிப் படைக்கு முன்னால் என்னை நிறுத்துங்கள்" என்றாராம். ஆயுதத்தைக் கீழே வைத்த இவரையே திருச்சபை போர்வீரர்களுக்குப் பாதுகாவலராக வைத்திருக்கிறது!

அவருடைய அந்தப் பாதி மேலங்கியைப் பிரெஞ்சு மன்னர்கள் பெரிய அருளிக்கமாகப் பாதுகாத்து வந்தார்கள். சிறிய மேலங்கிக்கு இலத்தீனில் 'காப்பெல்லா' என்று பெயர். அது வைக்கப்பட்ட சிற்றாலயத்துக்கும் அந்தப் பெயரே வந்து, பிறகு எல்லாச் சிற்றாலயங்களுக்கும் 'சாப்பல்' என்று ஆயிற்று. இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நினைவு நாளின் வழக்கங்களில் முக்கியமானது இரண்டு நிமிட மௌனம். இது பிறந்தது தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரில். அங்கே தினந்தோறும் நண்பகலில் ஒரு பீரங்கி சுடுவார்கள். 1918 மே மாதம் முதல், அந்தச் சத்தம் கேட்டவுடன் வண்டிகளும் மனிதரும் அங்கங்கே நின்று மௌனம் காத்தார்கள். அந்த ஊரில் இதைக் கண்டவர் சர் பெர்சி பிட்ஸ்பாட்ரிக். 1917-ல் பிரான்சில் தம் மூத்த மகனைப் பறிகொடுத்தவர். யுத்தம் முடிந்து முதல் வருஷம் நிறையும் சமயத்தில் அவர் இதை லண்டனுக்கு எழுதினார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஒப்புக்கொண்டு, 1919 நவம்பர் 11-ந் தேதி பதினொரு மணிக்குச் சாம்ராஜ்யம் முழுவதும் இரண்டு நிமிடம் வேலையை நிறுத்தும்படி அறிக்கை விட்டார். மகனை இழந்த தகப்பன் கேட்டது பிரசங்கமல்ல, பாட்டுமல்ல. எல்லாரும் கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்பதே.

அதே வருஷம் ஜூலையில் லண்டனில் வெற்றி ஊர்வலம் நடந்தது. ஊர்வலம் வணங்கிச் செல்வதற்காக லட்யன்ஸ் என்னும் சிற்பி மரத்தாலும் சாந்தாலும் ஒரு வெறுங்கல்லறையைத் தற்காலிகமாகக் கட்டினார். ஊர்வலம் முடிந்ததும் பிரித்துவிடுவதாக உத்தேசம். ஆனால் பிள்ளைகளையும் கணவர்களையும் இழந்த பெண்கள் அதன் அடியில் பூக்களைக் கொண்டுவந்து குவிக்கத் தொடங்கினார்கள். ஏனெனில், போர்க்களத்தில் மாண்டவர்களைச் சொந்த ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்று அரசாங்கம் தீர்மானித்திருந்தது. அழுவதற்கு அவர்களுக்குக் கல்லறை இல்லை. பூக்கள் குவிந்துகொண்டேயிருக்க, பிரிக்க முடியாமல் அதையே கல்லில் கட்டி 1920 நவம்பர் 11-ல் திறந்துவைத்தார்கள். வெற்றி விழாவுக்கென்று அரசாங்கம் வைத்ததைத் தாய்மார் துக்க வீடாக மாற்றிவிட்டார்கள். ஆயினும் சில வருஷங்கள் வரை அன்றிரவு விருந்தும் நடனமும் நடந்துதான் வந்தன. 1925-ல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நடக்கவிருந்த நடனத்துக்கு எதிர்ப்புக் கிளம்பவே, அதை நிறுத்தி அவ்விடத்தில் ஜெபக் கூட்டம் வைத்தார்கள்.

வெறுங்கல்லறை திறந்த அதே நாளில், பெயர் தெரியாத ஒரு வீரரின் சடலம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மன்னர்களின் நடுவே அடக்கம் செய்யப்பட்டது. இந்த யோசனையைச் சொன்னவர் டேவிட் ரெயில்ட்டன் என்னும் ஆங்கிலிக்கன் ராணுவக் குரு. 1916-ல் பிரான்சில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் அவர் ஒரு மரச் சிலுவையைக் கண்டார். பெயர் தெரியாத ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் என்று அதில் பென்சிலால் எழுதியிருந்தது. பற்பல போர்க்களங்களிலிருந்து பெயர் தெரியாத சடலங்களை எடுத்து வந்து, எது எங்கிருந்து வந்தது என்று அறியாதபடி வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். இது என் மகனாயிருக்கலாம் என்று எந்தத் தாயும் நினைத்துக்கொள்ளட்டும் என்பதே கருத்து. பாரீஸ் நகரிலும் அதே நாளில் இப்படிச் செய்தார்கள்.

செந்நிறப் பாப்பி மலரை அன்று சட்டையில் குத்திக்கொள்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நாம் குழம்பில் அரைத்துப் போடும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதற்கு உறவான காட்டுச் செடி அது. அதன் விதை பல வருஷம் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, மண் கிளறப்பட்டால் முளைக்கும். குண்டுகள் உழுதுபோட்ட பெல்ஜியத்து வயல்களில் அது ஏராளமாய்ப் பூத்தது. ஜான் மக்ரே என்னும் கனடா நாட்டு வைத்தியர், தம் சிநேகிதரை அடக்கம் செய்தபின் 1915-ல் அதைப் பற்றி ஒரு கவிதை எழுத, அது உலகெங்கும் பரவிற்று. 1921 முதல் இங்கிலாந்தில் பாப்பி மலர் விற்று, ஊனமுற்ற வீரர்களுக்குப் பணம் திரட்டினார்கள். இலங்கையிலும் விற்றார்கள். ஆனால் அங்கே சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போய்விட்டது. நம் வீரர்கள் பட்டினி கிடக்கையில் இது என்ன நியாயம் என்று, முன்னாள் போர்வீரர் சங்கத்தைச் சேர்ந்த ஏலியன் பெரேரா 1931-ல் போட்டியாக சூரிய மலர் விற்க ஆரம்பித்தார். சூரிய மலர் வேறொன்றுமல்ல, நம் வீட்டு வாசலில் நிற்கும் பூவரசம்பூதான். பின்னர் அதுவே சாம்ராஜ்ய எதிர்ப்பு இயக்கமாயிற்று.

இனி திருச்சபை செய்ததைச் சொல்ல வேண்டும். யுத்தம் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பரில், பாப்பானவராகத் தெரிந்துகொள்ளப்பட்டவர் 15-ம் ஆசீர்வாதப்பர். அவ்வருஷம் கிறிஸ்துமஸ் நாளிலாவது சண்டையை நிறுத்தும்படி கேட்டார், அரசாங்கங்கள் கேட்கவில்லை. 1917 ஆகஸ்டில், இது பயனற்ற படுகொலை என்று போரிடும் தேசங்களுக்கு எழுதினார், அப்போதும் கேட்கவில்லை. இரு தரப்பாரும் அவரை எதிரியின் ஆள் என்று ஏசினார்கள். உயிரோடிருப்பவர்கள் கேளாதபோது மரித்தவர்களுக்கு அவர் செய்தது ஒன்று உண்டு. 1915 ஆகஸ்ட் 10-ந் தேதி, மரித்தோர் திருநாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை செய்யலாம் என்று உத்தரவு கொடுத்தார். ஸ்பெயின், போர்த்துகல் ராஜ்யங்களில் மட்டும் இருந்து வந்த சலுகை அது. நவம்பர் 2-ந் தேதி நான் மூன்று பூசை செய்வதைப் பார்த்து, "சாமியாருக்கு இன்றைக்கு ஏன் இத்தனை பூசை?" என்று பீடப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அந்த யுத்தத்தில் குவிந்த பிணங்களே அதற்குக் காரணம்.

நிற்க. நம்மவர் காரியத்துக்கு வருவோம். இந்தியாவிலிருந்து அந்த யுத்தத்துக்குப் போனவர்கள் 13 லட்சத்துக்கு மேல். மாண்டவர்கள் 74,000-க்கு மேல். தமிழ்நாட்டில் அந்த யுத்தத்தைப் பற்றி யாரையாவது கேட்டுப் பாருங்கள். "எம்டன்" என்பார்கள். 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மானியக் கப்பல் அது. இன்றும் தந்திரக்காரனை "அவன் பெரிய எம்டன்" என்கிறோம். எதிரியின் கப்பல் பெயர் நூறு வருஷத்துக்கு மேலாக நம் வாயில் இருக்கிறது. கப்பல் ஏறிப்போன நம் ஆட்களில் ஒருவன் பெயரைக்கூட நம்மால் சொல்ல முடியவில்லை.

எம்டன் வந்துபோன ஆறு வாரத்தில், ஏறக்குறைய 8,000 பேர் கொண்ட இந்தியப் படை ஒன்று, இன்று தான்சானியா எனப்படும் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கா என்னும் துறைமுகத்துக்கு முன் போய் நின்றது. அது நவம்பர் 2, மரித்தோர் திருநாள். அப்படையில் இருந்த மதராஸ் ராணுவத்துப் பட்டாளம் ஒன்றின் பெயர் பாளையங்கோட்டை இலகு காலாட்படை. போதிய பயிற்சியின்றி, வாரக்கணக்கில் கப்பலில் குலுங்கி வந்தவர்களை இறக்கி, புதர்க்காட்டுக்குள் அனுப்பினார்கள். எதிரில் ஆயிரம் பேர் அளவில் இருந்த ஜெர்மானியப் படை அவர்களைத் தோற்கடித்தது. கலைந்த காட்டுத் தேனீக்களும் கொட்டின. சிதறி ஓடினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் விழுந்தார்கள். பாட்டியம்மாளின் உறவினர் அங்கே போனாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கி அந்தக் கரையில் விழுந்தவர்களுக்காக இங்கே யார் அழுதார்கள்?

பிரான்சில் சண்டையிட்டு, கல்லறை தெரியாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்களைக் கல்லில் வெட்டி ஒரு நினைவிடம் வைத்திருக்கிறார்கள். 1927 அக்டோபரில் அது திறக்கப்பட்டபோது, ரயில் வண்டியில் கையெழுத்திட்ட அதே மார்ஷல் போஷ் வந்து பேசினார். அந்த ஊரின் பெயர் நேவ் ஷாப்பேல். 'புதிய சாப்பல்' என்று அர்த்தம். மார்த்தீன் வெட்டிக் கொடுத்த மேலங்கியின் பெயர் இந்தியச் சிப்பாய்களின் மேல் போர்த்தியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எல்லாருக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் யுத்தக் கல்லறைகளைக் கவனிக்க 1917-ல் ஏற்பட்ட கமிஷன், தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல், பதவி, இனம், மதம் என்ற பேதமில்லை, ஒவ்வொருவர் பெயரும் எழுதப்படும் என்று சட்டம் வகுத்தது. நல்ல சட்டம். ஐரோப்பாவில் அதை நிறைவேற்றினார்கள். ஆப்பிரிக்காவிலும் மெசபொத்தாமியாவிலும், இவர்களுக்குக் கல்லறைக் கல்லின் அர்த்தம் எங்கே தெரியப்போகிறது என்று அதிகாரிகளே முடிவு செய்து விட்டுவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து, 2021 ஏப்ரலில், அதே கமிஷன் ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. இவர்களைத் தவிர, குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயரில்லாமலோ அறவே நினைக்கப்படாமலோ விடப்பட்டார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. இவர்களில் பெரும்பாலோர் மூட்டை சுமந்தவர்கள். நம் நாட்டிலும் அரசாங்கம் சில ஊர்களில் ஒரு சலவைக்கல் பதித்தது: இந்த ஊரிலிருந்து யுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. தொகை இருக்கிறது; பெயர் இல்லை.

இங்கே ஒருவர் என்னைக் கேட்கலாம்: "வெள்ளைக்கார ராஜாவுக்காகக் கூலிக்குச் சண்டை போட்டவர்களை நாம் ஏன் சாமி கொண்டாட வேண்டும்?" கேள்வி நியாயமானது. நான் கொண்டாடச் சொல்லவில்லை. யுத்தத்தில் இறந்த காரணத்தால் மட்டும் ஒருவரைத் திருச்சபை வேதசாட்சி என்று சொல்வதில்லை. 'வீர மரணம்' என்ற சொல்லையும் நான் அதிகம் விரும்புவதில்லை. அவர்களில் எத்தனையோ பேர் பேதியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள். மரித்தவனுக்காக வேண்டிக்கொள்வது, அவன் போட்ட சண்டைக்குச் சம்மதம் கொடுப்பது ஆகாது.

மக்கபேயர் இரண்டாம் ஆகமம் 12-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். மரித்தோருக்காக ஜெபிக்கலாம் என்பதற்கு நாம் எப்போதும் காட்டும் இடம் அதுவே. ஆனால் அங்கே மரித்தவர்கள் யார் என்பதைக் கவனிப்பதில்லை. அவர்கள் போரில் விழுந்த சிப்பாய்கள். யூதா மக்கபே அவர்களை அடக்கம் செய்யப் போனபோது, ஒவ்வொருவன் சட்டைக்குள்ளும் வேதம் விலக்கிய விக்கிரகத் தாயத்து இருக்கக் கண்டான். அவர்கள் குற்றவாளிகள், அதனால்தான் செத்தார்கள் என்று எல்லாருக்கும் விளங்கிற்று. அவன் அவர்களை விட்டுவிட்டுப் போகவில்லை. படைவீரரிடையே காணிக்கை தண்டி, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி ஜெருசலேமுக்கு அனுப்பினான். யாருக்காகச் சண்டை போட்டாய், எதற்காகப் போனாய், சட்டைக்குள் என்ன வைத்திருந்தாய் என்பதெல்லாம் சர்வேசுரன் கேட்கும் கேள்வி. அடக்கம் செய்வதும் மன்றாடுவதும் நம் வேலை.

ஆகையால் வருகிற நவம்பர் 11-ந் தேதி காலை ஆறு மணிப் பூசை, நம் பங்கிலிருந்தும் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்தும் யுத்தத்துக்குப் போய் மரித்த எல்லாருக்காகவும், எந்த மதத்தாராயிருந்தாலும், ஒப்புக்கொடுக்கப்படும். அவர்களை எதிர்த்து நின்று மரித்தவர்களையும் அதில் சேர்த்துக்கொள்வேன். உங்கள் குடும்பத்தில் அப்படி யாராவது உண்டென்றால் ஞாயிறு மாலைக்குள் உபதேசியாரிடம் சீட்டுக் கொடுக்கவும். இதற்குக் காணிக்கை வேண்டாம்.

பெயர் தெரியாதவர்கள் பழைய பெட்டிகளை ஒருமுறை தேடிப் பாருங்கள். அந்த யுத்தத்துக்குக் கொடுத்த பதக்கத்தின் தட்டையான பக்கத்தைப் பார்த்துவிட்டு, ராஜா தலை போட்ட பழைய காசு என்று வைத்துவிடுகிறார்கள். அதன் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். சிப்பாயின் எண், பெயர், பட்டாளம் ஆகியவை அங்கே சிறிய ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். மரித்தவர்களின் வீட்டாருக்குக் கொடுத்த வட்டமான வெண்கலத் தட்டிலும் பெயர் இருக்கும். பெயர் அகப்பட்டால் கமிஷனின் பதிவேட்டில் தேடுவதற்கு நான் உதவி செய்கிறேன். அகப்படாவிட்டால் பேத்தி எழுதியதுபோல் எழுதிக் கொடுங்கள், அப்படியே வாசிப்பேன்.